பாயசத்துக்கு எந்த அரிசி?



ஞாயிற்றுக்கிழமை காலை. உங்கள் தம்பிக்குப் பிறந்த நாள். "கண்ணு, மளிகைக் கடைக்குப் போய் பாயசத்துக்கு அரை கிலோ அரிசி வாங்கிட்டு வா" என்று அம்மா உங்களை அனுப்புகிறார். நீங்களும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மடத்துக்குளம் கடைவீதிக்குப் பறக்கிறீர்கள்.

கடை வாசலில் வரிசையாக மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை செருகியிருக்கிறது. பொன்னி புழுங்கல், பொன்னி பச்சை, இட்லி அரிசி, சீரகச் சம்பா, பாஸ்மதி, மாப்பிள்ளைச் சம்பா... "என்ன அரிசி வேணும் கண்ணு?" என்கிறார் கடைக்கார அண்ணா. நீங்கள் திருதிருவென்று விழிக்கிறீர்கள். "நல்ல அரிசியாக் குடுங்கண்ணா" என்று சொல்லிவிடுகிறீர்கள். அவரும் நல்ல பொன்னி புழுங்கல் அரிசியை அளந்து கொடுத்துவிடுகிறார்.

அன்று பாயசம் எப்படி இருக்கும் தெரியுமா? பால் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம்! குளத்தில் மீன் நீந்துவதுபோல சோற்றுப் பருக்கைகள் பாலில் நீந்தும். அரிசியில் தப்பில்லை. கடைக்கார அண்ணா மீதும் தப்பில்லை. "நல்ல அரிசி" என்று கேட்டதுதான் தப்பு. "பாயசத்துக்கு நல்ல அரிசி" என்று கேட்டிருக்க வேண்டும்.

எந்த வேலைக்கு எந்த அரிசி? வாருங்கள், மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

நெல் விளையும் ஊர்

திருப்பூர் மாவட்டம் என்றதும் எல்லோருக்கும் பனியன்தான் நினைவுக்கு வரும். ஆனால், இதே மாவட்டத்தில் பச்சைப்பசேல் என்று நெல் வயல்களும் உண்டு. உடுமலையில் இருந்து பழனிக்குப் போகும் சாலையில், அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது மடத்துக்குளம். ஆனைமலை அடிவாரத்தில் 1957ல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணையில் இருந்து தண்ணீர் வருகிறது. (முதலைப் பண்ணை பார்க்கப் போவீர்களே, அதே அணைதான்!) கல்லாபுரம், குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், காரத்தொழுவு பக்கமெல்லாம் ராஜவாய்க்கால்கள் வழியாக வயல்களுக்குப் பாய்கிறது அந்தத் தண்ணீர்.

நெல்லுக்குப் பக்கத்திலேயே கரும்பும் விளைகிறது. கரும்புச் சாற்றைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி வெல்லம் தயாரிக்கும் ஆலைகளும் இந்தப் பகுதியில் உண்டு. அரிசியும் வெல்லமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் நீங்கள். பாயசத்தில் கோட்டை விடலாமா?

பச்சைக்கும் புழுங்கலுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டுமே ஒரே நெல்லில் இருந்து வரலாம். நெல்லை அப்படியே காயவைத்து, உமி நீக்கி அரைத்தால் பச்சரிசி. நெல்லை ஊறவைத்து, உமியோடு ஆவியில் அவித்து, களத்தில் காயவைத்து, அதன்பிறகு அரைத்தால் புழுங்கல் அரிசி. நெல் அவிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போயிருந்தால் அந்த வாசனை உங்கள் மூக்குக்குத் தெரிந்திருக்கும்.

அவிக்கும்போது உமிக்குள்ளேயே ஒரு மாயம் நடக்கிறது. அரிசியில் இருப்பது பெரும்பாலும் ஸ்டார்ச் என்னும் மாவுச்சத்து. சூடும் தண்ணீரும் பட்டதும் அது கூழ்போல இளகிவிடும். பிறகு காயும்போது இறுகி, கண்ணாடிபோலக் கெட்டியாகிவிடும். அதனால்தான் புழுங்கல் அரிசி லேசான மஞ்சள் நிறத்தில், ஒளி ஊடுருவுவதுபோல் இருக்கிறது. பச்சரிசியோ சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கிறது.

ஏற்கனவே ஒருமுறை வெந்து இறுகிய அரிசி, மறுபடி வேகும்போது சுலபத்தில் குழையாது. சாப்பாட்டுக்கு அதுதான் நல்லது. சோறு பொலபொலவென்று இருக்கும். ஆனால், பாயசத்துக்கு அரிசி கரைய வேண்டும். கரைந்து, தன் மாவுச்சத்தைப் பாலில் விட வேண்டும். அப்போதுதான் பால் கெட்டியாகும். அந்த வேலையைப் பச்சரிசிதான் நன்றாகச் செய்யும். சர்க்கரைப் பொங்கலுக்கும் வெண்பொங்கலுக்கும் பச்சரிசி போடுவது இதனால்தான்.

இரட்டைச் சகோதரர்கள்

மாவுச்சத்திலும் இரண்டு வகை இருக்கிறது குட்டீஸ். ஒன்றின் பெயர் அமைலோஸ். இது நீளமான நூல் மாதிரி. இன்னொன்றின் பெயர் அமைலோபெக்டின். இது கிளை கிளையாகப் பிரிந்த மரம் மாதிரி.

நூல் அதிகமாக உள்ள அரிசியைச் சமைத்தால் சோறு உதிரியாக இருக்கும், ஆறினால் விறைக்கும். மரம் அதிகமாக உள்ள அரிசி ஒட்டும், குழையும். நாம் சோற்றுக்குப் பயன்படுத்தும் பல ரகங்களில் மாவுச்சத்து 100 பங்கு என்றால், அதில் 20 முதல் 25 பங்கு வரை அமைலோஸ் இருக்கிறது. தாய்லாந்தில் மாம்பழத்தோடு சாப்பிடும் ஒட்டரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் அந்தச் சோறு கையில் உருட்டினால் களிமண் போல ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊரிலும் ஒட்டும் அரிசி இருக்கிறது. செட்டிநாட்டுக் கல்யாணங்களில் இனிப்பாகப் பரிமாறுவார்களே, கவுனி அரிசி, அதுதான். கருப்பு கவுனியை முதல் நாள் இரவே ஊறவைத்தால்தான் வேகும்.

புதுசா, பழசா?

கடையில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். "அண்ணா, இது புது அரிசியா, பழைய அரிசியா?"

அறுவடை ஆன உடனே அரைத்த அரிசி சீக்கிரம் குழைந்துவிடும். சோறாக்கினால் பசைபோல ஒட்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று வைத்திருந்த அரிசி அதிகத் தண்ணீர் குடிக்கும், நன்றாக உப்பும், ஒட்டாது. அதனால்தான் சாப்பாட்டு அரிசியில் பழையதற்கு விலை அதிகம்.

அப்படியானால் புது அரிசி மட்டமா? இல்லவே இல்லை! தை மாதம் அறுவடை முடிந்ததும் புத்தரிசியில் பொங்கல் வைக்கிறோம். நன்றி சொல்வதற்காக வைக்கிறோம், சரி. கூடவே சமையல் ரகசியமும் அதில் இருக்கிறது. பொங்கலுக்குக் குழையும் அரிசிதானே வேண்டும்! புத்தரிசி தானாகவே குழையும். பாயசத்துக்கும் அதே கதைதான்.

எந்த வேலைக்கு எது?

இந்தப் பட்டியலை வெட்டி சமையலறையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

தினசரி சாதம்: பொன்னி போன்ற சன்ன ரகப் புழுங்கல் அரிசி. பழையதாக இருந்தால் நல்லது.

அரிசி பருப்புச் சாதம்: நம் கொங்கு வீடுகளின் அவசரச் சாப்பாடு. சாதத்துக்கு வாங்கும் பொன்னியே போதும்.

இட்லி, சந்தகை: குண்டு இட்லி அரிசி, அதாவது குண்டு ரகப் புழுங்கல்.

பாயசம், சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல்: பச்சரிசி. புதுசாக இருந்தால் இன்னும் நல்லது.

அதிரசம், கொழுக்கட்டை: மாவுப் பச்சரிசி.

பிரியாணி: சீரகச் சம்பா அல்லது பாஸ்மதி. திண்டுக்கல் பிரியாணிக்குச் சீரகச் சம்பாதான் பேர் போனது.

ஒரு வாசனைச் செய்தி! பாஸ்மதி போன்ற வாசனை அரிசிகளில் வரும் மணத்துக்கு முக்கியக் காரணமான பொருள், ரம்பை இலையிலும் இருக்கிறது. அதனால்தான் இலங்கையில் சோற்றிலும் குழம்பிலும் ரம்பை இலை போடும்போது அந்த மணம் வருகிறது.

பெயர் ரகசியம்

மூட்டைகளில் சில சமயம் ஏஎஸ்டி 16, ஏடிடி 43, பிபிடி 5204 என்றெல்லாம் எழுதியிருக்கும். பஸ் நம்பர் மாதிரி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அவை எல்லாம் ஊர்ப் பெயர்கள்!

ஏஎஸ்டி என்றால் அம்பாசமுத்திரம். ஏடிடி என்றால் ஆடுதுறை. டிகேஎம் என்றால் திரூர்குப்பம். சிஓ என்றால் நம் கோயம்புத்தூர். பிபிடி என்றால் ஆந்திராவில் உள்ள பாபட்லா. அந்தந்த ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகம் என்று அர்த்தம். வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986ல் வெளியிட்டது. அதன் பூர்வீகம் மலேசியா!

ஐஆர் 8 என்ற பெயரைத் தாத்தா, அப்பிச்சியிடம் சொல்லிப் பாருங்கள். உடனே கதை ஆரம்பித்துவிடுவார்கள். 1965, 1966ல் மழை பொய்த்து, நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். அப்போது 1966ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம்தான் ஐஆர் 8. பழைய ரகங்கள் உயரமாக வளரும். உரம் போட்டால் கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஐஆர் 8 குட்டையான பயிர், சாயாது. மூட்டை மூட்டையாக விளைந்தது. ஆனால் சோறு? ஆறினால் விறைத்துப்போகும். காரணம் என்ன? நூல் மாதிரி இருக்கும் என்றோமே, அந்த அமைலோஸ் அதில் அதிகம்! பலருக்கு அந்த ருசி பிடிக்கவில்லை. ஆனாலும் பசித்த வயிறுகளை நிரப்பியது அதுதான். விளைச்சலும் வேண்டும், ருசியும் வேண்டும் என்று விஞ்ஞானிகள் தொடர்ந்து உழைத்ததால் அடுத்தடுத்த ரகங்கள் வந்தன.

புது ரகங்கள் வந்த வேகத்தில் பழைய ரகங்கள் பல வயலைவிட்டே போய்விட்டன. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் திருத்துறைப்பூண்டி பக்கத்தைச் சேர்ந்த நெல் ஜெயராமன். நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டு, ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, விவசாயிகளுக்கு விதை கொடுத்தார். அவர் 2018 டிசம்பரில் மறைந்தார். இன்று கடையில் மாப்பிள்ளைச் சம்பா மூட்டையைப் பார்த்தால், அதற்குப் பின்னால் அவரைப் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கோழிகள் சொன்ன பாடம்

அரிசியைத் தேர்ந்தெடுப்பது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்தானா? ஒரு காலத்தில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தது.

சுமார் 135 ஆண்டுகளுக்கு முன், ஜாவா தீவில் பெரிபெரி என்ற நோய் பரவியிருந்தது. கால்கள் செயல் இழக்கும், இதயம் பலவீனமாகும், பலர் இறந்தார்கள். ஏதோ கிருமிதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதைக் கண்டுபிடிக்க வந்தவர் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர்.

அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரென்று நடக்க முடியாமல் தள்ளாடின. சில மாதங்கள் கழித்து தானாகவே குணமாகிவிட்டன! எய்க்மானுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைவெளேர் சோறு போட்டிருக்கிறார்கள். பிறகு வந்த புதுச் சமையல்காரர், கோழிக்கெல்லாம் ராணுவச் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டார். அதனால் கோழிகளுக்குத் தீட்டாத சாதாரண அரிசி கிடைத்தது. நோய் போய்விட்டது!

காரணம், தவிட்டில் இருக்கிறது தயமின் என்னும் வைட்டமின் பி1. அரிசியைப் பளபளவென்று தீட்டும்போது தவிட்டோடு அதுவும் போய்விடுகிறது. இந்த வழியைக் காட்டியதற்காக எய்க்மானுக்கு 1929ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட தெலுங்குப் பகுதிகளில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்நாட்டுப் பகுதிகளில் அது அரிதாகவே இருந்தது. நீலகிரியில் உள்ள குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் இதையெல்லாம் ஆராய்ந்தார். அவர் அங்கே தொடங்கிய ஆய்வுக்கூடம்தான், 1958ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்கு உள்ளே போய்விடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை. இதெல்லாம் தெரியாமலே, நெல்லை அவித்துக் காயவைத்த நம் பாட்டிகள் ஊரையே காப்பாற்றியிருக்கிறார்கள்!

இதில் இருந்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? அரிசி வெள்ளையாகப் பளபளக்கிறதே என்று மயங்காதீர்கள். அரிசியைப் பத்துத் தடவை கழுவாதீர்கள். தண்ணீரில் கரையும் வைட்டமின்கள் சாக்கடைக்குப் போய்விடும். இரண்டு முறை அலசினால் போதும். வடித்த கஞ்சியையும் கீழே ஊற்றாதீர்கள். கொஞ்சம் உப்புப் போட்டுக் குடித்துப் பாருங்கள்.

ரேஷன் அரிசி என்றால் கேலியா?

சில பள்ளிக்கூடங்களில் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஒரு பேச்சு கேட்கும். "ஐய, ரேஷன் அரிசி!" அந்தப் பேச்சைக் கேட்டு, டப்பாவின் மூடியைப் பாதி மூடிக்கொண்டு சாப்பிடும் பிள்ளைகளும் உண்டு. குட்டீஸ், அப்படி ஒருபோதும் சொல்லாதீர்கள்.

அந்த அரிசியும் ஏதோ ஒரு விவசாயி சேற்றில் இறங்கி விளைவித்ததுதான். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். பழைய மணம் வந்தால் நன்றாகப் புடைத்து, அலசி, ஊறவைத்துச் சமைக்கலாம். இட்லிக்குப் போட்டுப் பஞ்சுபோல எடுக்கும் அம்மாக்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இன்னொரு பயமும் சிலருக்கு உண்டு. ரேஷன் அரிசியில் ஒன்றிரண்டு பருக்கைகள் வேறு மாதிரி இருந்தால், "பிளாஸ்டிக் அரிசி!" என்று பொறுக்கிப் போட்டுவிடுவார்கள். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவத்தில் செய்த செறிவூட்டிய பருக்கை. 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலந்தார்கள். ரத்தசோகை வராமல் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வீட்டில் யாராவது பொறுக்கி எறிந்தால், நீங்கள் சொல்லிப் புரியவையுங்கள்.

உங்கள் வகுப்பில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்தில் இருந்து மில் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்கள் வீட்டில் பாயசத்துக்கு என்ன அரிசி என்று கேட்டுப் பாருங்கள். வங்காளத்தில் பாயசத்தைப் 'பாயேஷ்' என்பார்கள். அதற்கு கோபிந்தோபோக் என்ற குட்டையான வாசனைப் பச்சரிசி போடுவார்கள். ஊர் வேறு, பெயர் வேறு. ஆனால் பாயசத்துக்கு அங்கேயும் பச்சரிசிதான்!

செய்து பாருங்களேன்!

இரண்டு கிண்ணங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பத்துப் பச்சரிசி, இன்னொன்றில் பத்துப் புழுங்கல் அரிசி போட்டு, தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக விரலால் நசுக்குங்கள். பச்சரிசி சுலபமாக உடைந்து மாவாகும். புழுங்கல் அரிசி அத்தனை சுலபத்தில் மசியாது. எது பாலில் கரையும் என்று இப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்து, பாயசம்! அடுப்பு வேலையை அம்மா, அப்பா அல்லது பாட்டி செய்யட்டும். நீங்கள் அளந்து கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஒரு லிட்டர் பாலுக்கு கால் டம்ளர் பச்சரிசி போதும். "இவ்வளவுதானா?" என்று நினைத்து கூடுதலாகப் போட்டால் பாயசம் பொங்கலாகிவிடும்! அரிசியை இருபது நிமிடம் ஊறவைத்து, லேசாக உடைத்துக்கொள்ள வேண்டும். பால் கொதித்ததும் அரிசியைப் போட்டு, தீயைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அரிசி குழைய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நன்றாகக் குழைந்த பிறகுதான் முக்கால் டம்ளர் சர்க்கரை, ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி எல்லாம்.

சர்க்கரையை முதலிலேயே போட்டால் என்ன? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அரிசிக்கு வேகத் தண்ணீர் சரியாகக் கிடைக்காது. அப்புறம் எத்தனை நேரம் கொதித்தாலும் பருக்கை விறைப்பாகவே நிற்கும்.

நம் ஊர் வெல்லம் போட ஆசையா? வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, பாயசத்தை அடுப்பில் இருந்து இறக்கி, சூடு தணிந்த பிறகு சேருங்கள். வெல்லத்தில் லேசான புளிப்புத் தன்மை இருப்பதால், கொதிக்கிற பாலில் ஊற்றினால் திரிந்துபோக வாய்ப்பு உண்டு.

64 கட்டப் பாயசம்

கேரளாவில் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால் பாயசம் ரொம்பப் பிரபலம். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். சதுரங்கத்தில் ராஜாவைத் தோற்கடித்த முனிவர் ஒருவர், முதல் கட்டத்துக்கு 1 அரிசி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 4 என்று இரட்டிப்பாக்கி, 64 கட்டங்களுக்கும் கேட்டாராம். "இவ்வளவுதானா?" என்று சிரித்தார் ராஜா. பத்தாவது கட்டத்தில் 512 அரிசிதான். 21வது கட்டத்தில் 10,48,576. ஏறக்குறைய 20 கிலோ! 64 கட்டங்களையும் கூட்டினால் வருவது 20 இலக்க எண். ராஜ்ஜியத்திலேயே அவ்வளவு அரிசி இல்லை. முனிவராக வந்தவர் கிருஷ்ணன்தானாம். கடனுக்குப் பதிலாக, வருகிற பக்தர்களுக்குத் தினமும் பாயசம் கொடு என்றாராம். கால்குலேட்டர் இல்லாமல் எத்தனையாவது கட்டம் வரை கணக்குப் போட முடிகிறது என்று முயற்சி செய்யுங்கள்.

சரி குட்டீஸ், இனிமேல் கடைக்குப் போனால் "நல்ல அரிசி" என்று கேட்பீர்களா? "அண்ணா, பாயசத்துக்குப் பச்சரிசி, புது அரிசியாக் குடுங்க" என்று கேளுங்கள். கடைக்கார அண்ணா உங்களை நிமிர்ந்து பார்ப்பார்!

உசந்த அரிசி, மட்டமான அரிசி என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு அரிசிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதைத் தெரிந்து போட்டால் எல்லா அரிசியும் ருசிக்கும். பாயசம் வைக்கிற அன்று பக்கத்து வீட்டுக்கும் ஒரு டம்ளர் கொடுக்க மறக்காதீர்கள்!